தொலைநோக்கிக்கு அனுமதி தேவையில்லை

ஜெர்மனியில் மீன் பிடிக்க அனுமதி வேண்டும். நாய் வளர்க்கப் பதிவு வேண்டும். உங்கள் சொந்தக் காணியில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்குச் சில ஊர்களில் மரத்தின் சுற்றளவைச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் ஒரு தொலைநோக்கியை யாரும், எப்போதும் வாங்கலாம். கடைக்குள் வெறுங்கழுத்தோடு போய், அதை மாட்டிக்கொண்டு வெளியே வரலாம். அடையாள அட்டையைக்கூடக் கேட்க மாட்டார்கள். நாற்பது வருடத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் இருந்துவிட்டு, போன கோடையில்தான் இதைக் கண்டுபிடித்தேன். கடைக்காரப் பெண் பற்றுச்சீட்டை நீட்டியபோது, "வேறெங்கும் கையெழுத்து வைக்க வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜெர்மனியரை ஒருமுறை சிரிக்க வைத்துவிட்டால் அதைத் திருத்தக் கூடாது.

நான் கேட்டது பகிடிக்கு அல்ல. வெஸ்ட்பாலியாவில் ஒரு மாவட்ட அலுவலகத்தின் அனுமதிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தேன். இங்கே வந்து கோப்பை கழுவி, பிறகு அகதி விசாரணைகளில் மொழிபெயர்த்து, கடைசியில் மறுபடியும் ஒரு மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அந்த மேசைக்கு வந்தவர்களில் அதிகமானோர் வேட்டைக்காரர்கள். யாக்ட்ஷைன் என்ற வேட்டை உரிமத்தைப் புதுப்பிக்க வருவார்கள். பச்சைத் தொப்பி, ஈரநாயின் மணம், என்னைக் கண்டதும் ஒரு கணத் தயக்கம். எந்தப் பத்திரம் குறைகிறது என்று அவர்கள் கோப்பைத் திறக்கும் முன்னரே எனக்குத் தெரியும். துவக்கை எந்த வகை இரும்பு அலுமாரியில் பூட்ட வேண்டும், எந்த விலங்கை எந்தக் காலத்தில் சுடக் கூடாது, குட்டிகளோடு திரியும் தாய்ப்பன்றியைச் சுட்டால் என்ன தண்டனை, எல்லாம் தெரியும். காட்டுப்பன்றி மட்டும் தெரியாது. வீதியோரத்தில் வாகனம் அடித்துப் போட்டதைக் கண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் ஒரு பழக்கூடையும், மான் படம் போட்ட வாழ்த்து அட்டையும் தந்தார்கள். பழத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு மான் மட்டும் மேசையில் மிஞ்சியது. அந்தக் குளிர்காலமே வேட்டைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். எல்லாரும் என்னைவிட இளையவர்கள். சட்டப் பாடத்தில் ஆசிரியர் பிழை விட்டால் திருத்துகிறவனாகவும், துவக்குப் பாடத்தில் கை நடுங்குகிறவனாகவும் இருந்தேன். வசந்தத்தில் பரீட்சை சித்தியடைந்தேன். உரிமத்தில் கையெழுத்திட்டது என்னுடைய பழைய மேசையில் இப்போது இருப்பவர். காப்புறுதிச் சான்று இருக்கிறதா என்று என்னிடமே கேட்டார். பெருமையாக இருந்தது.

மனைவி பத்மாவுக்குப் பெருமை ஒன்றும் இல்லை. "ஓய்வெடுத்த ஆம்பிளையள் இஞ்சை தோட்டம் செய்யினம், இல்லாட்டிக் கோயில் நிர்வாகத்திலை போய்ச் சண்டை பிடிக்கினம். உங்களுக்குத் துவக்குத் தூக்க வேண்டிக் கிடக்கு" என்றாள். உயிர்க்கொலையைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, பன்றிகள் பெருகினால் சோளத்துக்கு ஏற்படும் சேதம் பற்றி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பன்றியைப் பற்றி ஆர் கதைச்சது? பொழுது படுற நேரம் காட்டுக்கை ஒரு கறுத்த மனுசன் துவக்கோடை நிண்டா, காணுற சனம் என்ன நினைக்கும் எண்டு யோசிச்சனீங்களோ?" யோசிக்கவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லாததால் யோசிக்கத் தோன்றவில்லை.

உரிமம் மட்டும் இருந்தால் போதாது. சுடுவதற்கு ஓர் இடம் வேண்டும். ஒரு நிலத்தின் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர் விரும்பினால் உங்களைத் தன் எல்லைக்குள் வேட்டையாட விடுவார். விரும்பாவிட்டால் இல்லை. மேன்முறையீடு கிடையாது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டித்தான் வாங்கினேன்: வதிவிடம், வேலை, குடியுரிமை. தகுதி இருந்தது, தந்தார்கள். "நீயும் வா" என்று ஒருவர் தானாகச் சொல்லி எதுவும் கிடைத்ததில்லை. இந்த ஓர் அனுமதி மட்டும் அப்படித்தான் கிடைக்கும் என்று தெரிந்தபோது, என் வயதுக்குப் பொருந்தாத அளவுக்கு அதை விரும்பத் தொடங்கினேன்.

நான் போய்க் கேட்டவர் பிரிங்க்மன் என்ற பால்பண்ணைக்காரர். ஹம் நகரத்துக்குத் தெற்கே, சமதரை முடிந்து மலைக்காடு தொடங்குகிற இடத்தில் அவருடைய பண்ணை. அவரை எனக்குத் தெரியும். காப்புறுதிச் சான்று இல்லையென்று ஒருமுறை அவருடைய உரிமத்தைப் புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பியிருந்தேன். அவருக்கும் அது நினைவிருந்தது. மாட்டுத்தொழுவத்தின் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்றைக்கு எல்லாப் பத்திரமும் கொண்டு வந்தீர்களா, ஹெர் செல்வநாதன்?"

"கொண்டு வந்தேன்."

"எனக்கு ஒன்றும் வேண்டாம். நல்ல தொலைநோக்கி இருக்கிறதா?"

இல்லை என்றேன். "முதலில் அதை வாங்குங்கள். துவக்கு எவனும் வைத்திருப்பான். எதைச் சுடக் கூடாது என்று பார்க்கத் தெரிந்தவன்தான் எனக்கு வேண்டும்" என்றார். சோள அறுவடை வரைக்கும் தன்னோடு வந்து உட்காரலாம் என்றும், ஒழுங்காக இருந்தால் அடுத்த வருடத்துக்கு அனுமதி தருவதாகவும் சொன்னார். ஒழுங்கு என்றால் மூன்று விடயம்: கதைக்கக் கூடாது, அசையக் கூடாது, அவர் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. ஒரு அரச ஊழியனுக்கு இதைவிட இலகுவான பரீட்சை இல்லை என்று நினைத்தேன்.

தொலைநோக்கி வாங்குவது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை. பழைய துவக்கு ஒன்றும் அதைப் பூட்டும் அலுமாரியும் வாங்கியதில் என் ஓய்வூதியம் ஏற்கெனவே களைத்துப் போயிருந்தது. வேட்டைக்காரர்கள் கழுத்தில் தொங்கவிடும் நல்ல கண்ணாடிகள் ஒரு பழைய காரின் விலைக்கு விற்றன. விதி இருந்தால் விதிப்படி வாங்கலாம். விதி இல்லாத இடத்தில் எங்கள் ஆட்கள் செய்வதையே நானும் செய்தேன்: தெரிந்த ஒருவரைக் கேட்டேன்.

அந்தத் தெரிந்தவர் சிவம். ஹம் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் சாமான்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய் முதல் விமானச்சீட்டு வரை அவரிடம் அபிப்பிராயம் உண்டு. "அண்ணை, ஏன் நீங்கள் வீணாக் கடை கடையா ஏறி இறங்குறியள்? என்னட்டை ஒண்டு கிடக்கு. முப்பது மடங்கு!" என்று சொல்லி, அடுத்த நாளே கொண்டுவந்து தந்தார். பத்து மடங்கில் தொடங்கி, ஒரு சில்லைத் திருப்பினால் முப்பதுக்கு ஏறுகிற வகை. பல்பொருள் அங்காடியில் குளிர்காலக் காலுறைகளுக்கும் மின்கேத்தலுக்கும் நடுவில் குவித்து வைத்து விற்பார்களே, அது. இலக்கம் பெரிதென்றால் சாமான் நல்லது என்று நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்குகிறோம், அரிசிச் சாக்கிலிருந்து தொலைக்காட்சி வரை. நானும் நம்பினேன்.

பல்கனியில் நின்று எதிர்வீட்டுப் புகைக்கூண்டைப் பார்த்தேன். முப்பது மடங்கில் புகைக்கூண்டு தெரியவில்லை. என் கைநடுக்கம் முப்பது மடங்காகத் தெரிந்தது. படம் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆடியது. பொழுது சாய்ந்ததும் அதுவும் போய், இருட்டு மிகப் பெரிதாகத் தெரிந்தது.

"என்ன அண்ணை, ஒண்டும் தெரியேல்லையோ? பன்றி உங்களைக் கண்டிட்டுச் சிரிக்கப் போகுது" என்றார் சிவம்.

"சிரிக்கிறதும் தெரியாதப்பா. அவ்வளவு ஆட்டம்."

"அப்ப அண்ணை, கால் வச்சுப் பாருங்கோ. காமெராக்காரர் வைக்கிற மாதிரி மூண்டு காலிலை."

"பன்றியை நிக்கச் சொல்லிப்போட்டே?"

அவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். பிறகு அதைத் தன் கடையின் பின்பக்க ஜன்னலில் வைத்திருப்பதாகக் கேள்வி. அங்கிருந்து பார்த்தால் மாநகரசபையின் தண்டச்சீட்டு எழுதுகிறவர் வருவது நேரத்தோடு தெரியுமாம். எந்தச் சாமானுக்கும் ஓர் உபயோகம் உண்டு.

கடைசியில் ஒழுங்கான ஒளியியல் கடைக்கே போனேன். முதலில் சொன்ன பெண் அங்கேதான் இருந்தார். "பறவைகளா, கப்பல்களா?" என்று அன்பாகக் கேட்டார். "பன்றி" என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, பக்கத்து ஊர் விலங்குப் பூங்காவில் இப்போது குட்டிகள் இருப்பதாகவும், பேரப்பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும் என்றும் சொன்னார். நான் உரிமத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவருடைய முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்கும் பாணியில் கடையிலேயே விலைகூடிய கண்ணாடியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். எட்டு மடங்கு, முன்வில்லை ஐம்பத்தாறு மில்லிமீற்றர். பொழுது சாயும் வெளிச்சத்துக்கு வேட்டைக்காரர் இதைத்தான் வாங்குவார்கள் என்றார். விலையைப் பார்த்துவிட்டு அதைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

என்னிடம் இருக்கும் காசை நேரே சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வயதைக் கேட்கலாமா?" என்றார். சொன்னேன். அப்போது அவர் விளக்கியது இந்த நாட்டில் என் வயதுக்குக் கிடைத்த முதல் சலுகை. பெரிய முன்வில்லை கூடுதல் வெளிச்சத்தை அள்ளித் தரும், உண்மைதான். ஆனால் வயது போகப்போக இருட்டில் கண்மணி முந்திய அளவுக்கு விரியாது. கண்ணாடி அள்ளித் தருகிற வெளிச்சத்தில் ஒரு பகுதி கண்ணுக்குள் போகாமல் வெளியே சிந்திவிடும். "உங்களுக்கு எட்டு மடங்கு, நாற்பத்திரண்டு போதும். அதற்கு மேல் கொடுப்பது வீண்" என்றார். எட்டுக்கு மேல் போனால் கை ஆடும். எட்டுக்கு நாற்பத்திரண்டு என்றால் என் கண் குடிக்கக்கூடிய அளவு வெளிச்சம். உள்ளே நீராவி படியாதபடி வாயு அடைத்திருக்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன், ஆகவே கண் வைக்கும் ரப்பர் வளையம் திருகி உள்ளே போக வேண்டும். இவை இருந்தால் பெயர் பெற்ற கம்பனியாக இருக்கத் தேவையில்லை. இதை எழுத்தில் தந்திருந்தால் என் அலுவலகத்திலேயே சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

"வாசலில் நின்று பாருங்கள்" என்று சொல்லித் தந்தார். வாசலுக்குப் போனேன். தெருவில் சனம் நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கண்ணுக்கு உயர்த்தும் முன், என்னை யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். "தேவாலயத்தின் மணிக்கூட்டைப் பாருங்கள்" என்றார் பின்னாலிருந்து. பார்த்தேன். முள்ளின் நுனியில் இருந்த துரு தெரிந்தது. உடனே இறக்கிவிட்டேன். "பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். "மிக நன்றாகத் தெரிகிறது" என்றேன். இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவருக்கு விளங்கப்படுத்த அந்தக் கடை போதாது.

யாழ்ப்பாணத்தில் நான் கச்சேரிக்குப் போய்வந்த வழியில் ஒரு இராணுவ முகாம் இருந்தது. முகாமின் மூலையில், பனங்குற்றிகளையும் மண்மூட்டைகளையும் அடுக்கி எழுப்பிய உயரமான காவலரண். அதற்குள் இருந்தவனின் முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டது அவனுடைய தொலைநோக்கியைத்தான். எங்களுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை, ஆனாலும் ஊருக்கே தெரியும். தந்திக்கம்பத்தடியில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். தலையைக் குனிந்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். மேலே கண்ணாடி பளிச்சிட்டால் அந்த இடத்திலேயே நின்று, கைகளை உடம்பை விட்டு அகற்றிக் காட்ட வேண்டும். அவன் கண்ணாடியை இறக்கி, கையை உயர்த்தி, போ என்று வீசுவான். அதற்குப் பிறகுதான் போகலாம். எங்கள் அலுவலகத்துச் சிற்றூழியர் ஒருவர், நேரம் பிந்திவிட்டதென்று ஒருநாள் அந்தக் கைக்காகக் காத்திராமல் போனார். அவர் அலுவலகத்துக்கும் வந்து சேரவில்லை, வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை. தொலைநோக்கி என்ற பொருளை எங்கள் பக்கத்தில் யாரும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்து அகப்பட்டால் என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடாது. பார்ப்பது அவர்களுடைய வேலை. பார்க்கப்படுவது எங்களுடையது.

வாங்கிய கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து உணவு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அது மேசையில் இல்லை. எங்கள் வீட்டில் சமையலறை அலுமாரியின் மேல்தட்டுத்தான் சாமியறை. அங்கே, ஹம் நகரத்து ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோயில் படத்துக்கு முன்னால், தொலைநோக்கி நிமிர்ந்து நின்றது. பத்மா புதுக்காருக்குச் செய்வதுபோல அதற்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தாள். கார் என்றால் முன்விளக்குக்கு மேலே பூசுவாள். இதற்கு விளக்கு இல்லை, இரண்டு கண் இருந்தது. இடது வில்லையின் நட்டநடுவில் மூன்று குறி, அதற்குள் ஒரு சந்தனப் பொட்டு. வலதுக்கு விரலைக் கொண்டு போகும்போது நான் கத்திவிட்டேன்.

"ஐயோ பத்மா, கண்ணாடியிலை பூசாதையும்! மேலை இருக்கிற பூச்சுப் போயிடும்!"

அவள் திடுக்கிட்டு, சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது என்று கடையில் எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். திருநீறு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சாம்பல் சாம்பல்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது வில்லையில் மயிரிழை போன்ற கீறல்கள் வட்டமாக ஓடின. அதனூடாகப் பார்த்தால் உலகத்தில் மெல்லிய பனிப்புகார் இறங்கியதுபோல இருந்தது. வலது பக்கம் பளிங்குபோல இருந்தது.

"நீர்தானே இந்த வேட்டையே வேண்டாமெண்டனீர். பிறகேன் இதைச் சாமிக்கு வச்சனீர்?"

"வேட்டைக்கோ வச்சனான்?" என்றாள். அழுகைக்கும் கோபத்துக்கும் இடையில் இருந்தாள். "போற ஆள் முழுசாத் திரும்பி வரவேணுமெண்டு வச்சனான். நீங்கள் சொன்னாக் கேக்கிற ஆளே? அதுதான் அவவிட்டைச் சொன்னன்."

கடைப் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்தேன். இணையத்தில் வாங்கிய பொருளைத்தான் சட்டப்படி காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம், கடையில் வாங்கியதை அல்ல. பலருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும், தெரிந்து பயன் இல்லை. உத்தரவாதப் பத்திரத்தைப் படித்தேன். கீழே விழுவது, தண்ணீர், வெப்பம் எல்லாம் இருந்தன. திருநீறு பற்றி ஒன்றும் இல்லை. இன்னொன்று வாங்க வழியும் இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கப் பழகினேன்.

புரட்டாசி மாதம், சோளம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. பிரிங்க்மன் என்னைப் பல மாலைகள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். ஹோக்சிட்ஸ் என்று சொல்லும் உயர இருக்கை, மரக்குற்றிகளால் கட்டி ஏணி வைத்தது. அதில் முதல்முறை ஏறியபோது என் கால் மூன்றாவது படியில் நின்றுவிட்டது. முழங்காலா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். மேலிருந்து பார்த்தால் இடப்பக்கம் சோளம், நடுவில் புல்வெளி, வலப்பக்கம் காடு. புல்வெளிக்கு அப்பால் ஒரு வயல் பாதை, பேருந்துத் தரிப்பிலிருந்து பழைய பாடசாலைக் கட்டடத்துக்குப் போவது. அந்தக் கட்டடத்தில் இப்போது அகதிகளைத் தங்க வைத்திருக்கிறார்கள். பல மாலைகள் எதுவும் வரவில்லை. நான் கதைக்கவில்லை, அசையவில்லை. பிரிங்க்மனுக்கு என்னில் ஒரு திருப்தி ஏற்பட்டு வருவதை அவர் எனக்குத் தன் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தரத் தொடங்கியதிலிருந்து அறிந்தேன்.

அறுவடைக்கு முந்திய கடைசிக் கிழமை. அன்று அயல் விவசாயி சோளத்தின் மறுகரையை வெட்டத் தொடங்கியிருந்தார். அந்தச் சத்தத்தில் கலைந்த பன்றிகள், வெயில் முழுதாக இறங்கும் முன்னரே எங்கள் பக்கம் வெளியே வந்தன. முதலில் ஒரு பெரிய தாய். அதன் பின்னால் கோடுகள் மங்கத் தொடங்கிய குட்டிகள். பிரிங்க்மன் என் முழங்கையைத் தொட்டார். இதுதான் பரீட்சை. இடது கண்ணை மூடி, வலது குழாயால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாய், விட வேண்டும். குட்டிகள், மிகக் கிட்டத்தில் தாய், விட வேண்டும். அவற்றிலிருந்து விலகி, போன வருடத்துப் பன்றி ஒன்று தனியாக நின்று மண்ணைக் கிளறியது.

"போன வருடத்தது. ஆண். பின்னால் குட்டி இல்லை" என்று கிசுகிசுத்தேன்.

அவர் தன் கண்ணாடியால் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "சரி. உங்களுடையது."

துவக்கை எடுக்கும் முன் சுற்றாடலை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. விதியை நான் விடமாட்டேன். கண்ணாடியைப் புல்வெளியால் மெதுவாக நகர்த்தி, பாதை வரைக்கும் கொண்டுபோனேன். பாதையில் ஒருவன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கலாம். கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. மேற்கே சாய்ந்த வெயில் என் கண்ணாடியில் பட்டிருக்க வேண்டும். அவன் தலையை உயர்த்தினான். சைக்கிளை விட்டு இறங்கினான். அதைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உடம்பை விட்டு அகற்றிப் பிடித்தபடி நின்றான். உள்ளங்கைகள் எங்கள் பக்கம்.

"அசைய வேண்டாம். அவன் போய்விடுவான். அதற்குப் பிறகு சுடலாம்" என்றார் பிரிங்க்மன்.

பன்றிகள் அவனைக் கவனிக்கவில்லை. காற்று அவற்றிலிருந்து அவன் பக்கம் வீசியது. அவன் போகவில்லை. பிரிங்க்மன் மூச்சுக்குள் சினந்தார். "என்ன செய்கிறான் அங்கே? தொலைபேசியா?"

அவன் எந்த நாட்டவன் என்று எனக்குத் தெரியாது. அந்த நடைமுறை எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவன் போக மாட்டான். மேலே இருப்பவன் கையை வீசும் வரைக்கும் போக மாட்டான், இருட்டினாலும் நிற்பான். இதைப் பிரிங்க்மனுக்குச் சொல்ல வேண்டுமென்றால் நிறையக் கதைக்க வேண்டும். நான் கண்ணாடியை இறக்கினேன். எழுந்து நின்றேன். பலகை முறிவதுபோலச் சத்தம் போட்டது. கையை முழுதாக உயர்த்தி, போ என்று வீசினேன்.

புல்வெளி ஒரே கணத்தில் வெறுமையாயிற்று. சோளத்துக்குள் ஏதோ பெரிய துணி கிழிவதுபோலச் சத்தம் ஓடி மறைந்தது. பாதையில் நின்றவன் தலையைக் குனிந்தான். ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டே போனான். வளைவில் மரங்கள் மறைத்த பிறகுதான் ஏறியிருப்பான். ஏறினானா என்று எனக்குத் தெரியாது. நான் கையைக் கீழே போட்டேன். அது என்னுடைய கைதான். ஆனால் அந்த வீச்சு நான் எங்கே படித்தது என்று எனக்குத் தெரியும்.

காரடிக்கு வந்ததும் பிரிங்க்மன் துவக்கை உள்ளே வைத்துப் பூட்டினார். பிறகு, "ஏன் நின்றான் அவன்? துவக்குக்குப் பயந்தானா? துவக்கு மூலையில் சாத்தியல்லவா இருந்தது" என்றார்.

"துவக்கை அவன் காணவில்லை. கண்ணாடியைக் கண்டான்."

"கண்ணாடியால் யாரும் சாவதில்லையே."

"இல்லை" என்றேன். ஒரு கூற்று சரியாக இருந்துகொண்டே பிழையாகவும் இருக்கலாம் என்பதை நான் விசாரணைகளில் மொழிபெயர்த்த காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் கையை நீட்டி என் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார். "இடது பக்கத்தில் ஏதோ படிந்திருக்கிறது."

"சாம்பல். என் மனைவி பூசினது."

அவர் என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அசைந்தேன், அவர் சொல்லாமல் ஒன்றைச் செய்தேன். மூன்றில் இரண்டில் தவறிய ஒருவனுக்கு நான் அந்த மேசையில் இருந்திருந்தால் அனுமதி கொடுத்திருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் பத்மா வாசலில் வைத்தே மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "முழுசா வந்திட்டியள்" என்றாள். "பன்றி?" என்று கேட்டாள். "அதுவும் முழுசாப் போயிட்டுது" என்றேன். அவள் அலுமாரியைத் திறந்து விளக்குக்கு எண்ணெய் விட்டாள்.

அறுவடை முடிந்து, வயல் மொட்டையான பிறகு பிரிங்க்மன் தொலைபேசி எடுத்தார். அனுமதி இல்லை என்று சொல்லப் போகிறார் என்று, பதிலுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சனிக்கிழமை வாருங்கள். ஓடைக்கரையில் இன்னொரு இருக்கை இருக்கிறது. அங்கேயிருந்து பாதை தெரியாது. பாதையிலிருந்தும் அது தெரியாது."

"அப்படியென்றால் அடுத்த வருட அனுமதி... எழுத்தில் தருவீர்களா?"

"நீங்களும் உங்கள் பத்திரங்களும்! தருவேன். சனிக்கிழமை துவக்கு வேண்டாம், இடத்தைப் பழகுங்கள். பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை, அது உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும். கார் அந்தப் பக்கம் போகாது. என்னுடைய சைக்கிள் கொட்டகைக்குள் நிற்கிறது."

சனிக்கிழமை போனேன். அவர் வீட்டில் இல்லை. கொட்டகை திறந்திருந்தது. ஆசனம் எனக்கு உயரம், ஆனாலும் ஏறினேன். ஓடைக்கரைக்கு அந்த வயல் பாதையால்தான் போக வேண்டும். ஒரு பக்கம் வெட்டிய சோளத்தின் அடிக்கட்டைகள், மறுபக்கம் புல்வெளி, அதன் ஓரத்தில் எங்கள் பழைய இருக்கை. அதில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதன் ஏணியைப் பூட்டும் சங்கிலிக்குப் பிரிங்க்மன் தந்திருந்த சாவியே என் சட்டைப்பையில் இருந்தது. கழுத்தில் தொலைநோக்கி கனத்தது. ஒரு பக்கம் திருநீறு, ஒரு பக்கம் பளிங்கு. பெகேயுங்ஸ்ஷைன் என்ற அந்த அனுமதி அடுத்த கிழமை எழுத்தில் வரும். நல்ல மாலை, நல்ல காற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இருக்கையைத் தாண்டி வளைவுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். தொப்பி என் கையில் இருந்தது. சைக்கிளை நான் உருட்டிக்கொண்டு வந்திருந்தேன்.